கம்பி இல்லாத பலகை

என் அம்மா கடைசியாகச் செய்ய ஆசைப்பட்டது ஒரே ஒரு காரியம். காரின் டிக்கியைத் திறந்தால், பெட்டி வைக்கிற இடத்தில் தரை மாதிரி ஒரு பலகை இருக்கும். மேலே துணி ஒட்டியிருப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. துணிக்கு அடியில் இருப்பது பிளாஸ்டிக். உள்ளே காலியான கூடு. வெறும் பிளாஸ்டிக்காக விட்டால், வெயிலில் நிற்கும் காரில் கனமான பெட்டியைச் சுமந்து சுமந்து நடுவில் தொய்ந்துவிடும். அதனால் அதன் வயிற்றுக்குள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகுவார்கள். அந்தக் கம்பியை எடுத்துவிட வேண்டும், கம்பி இல்லாமல் தானே விறைப்பாக நிற்கிற ஒரு பிளாஸ்டிக்கைச் செய்ய வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை.

நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா வேதியியல் படித்தவள். ரெசின் தொழிற்சாலையில் தரச் சோதனை மேசையில் சேர்ந்து, பிறகு புது ரெசின் உருவாக்கும் பிரிவுக்குப் போனாள். ரொட்டிக்கு மாவு எப்படியோ பிளாஸ்டிக் பொருளுக்கு ரெசின் அப்படி. அரிசி அளவுக் குருணையாக மூட்டையில் வரும். எங்கள் வீட்டில் அந்தக் குருணை கிடக்காத மூலை கிடையாது. அம்மாவின் கைப்பையில், செருப்பில், தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒருமுறை அப்பா குளியலறை வாசலில் அதை மிதித்து வழுக்கி விழுந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மத்த வீட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போனா சம்பளம் கொண்டுவருவாங்க. இவ கோலிக்குண்டு கொண்டுவரா," என்றார்.

அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பாலங்களுக்கான எஃகு உத்தரங்களைக் கணக்கிடும் பொறியாளர். சாப்பாட்டு மேசையில் இது அவருக்குத் தீராத வேடிக்கை.

"மக ஊரெல்லாம் இரும்பைக் கொண்டுபோய்ப் போடறா. அம்மா இருக்கிற இரும்பையும் பிடுங்கறா. நடுவுல நான் எதை நம்பி வண்டி ஓட்டினேன்னு தெரியலை."

"உங்க பஸ்ஸை நாங்க யாரும் தொடலைங்க. அது துருவோட தயவுல நின்னுச்சு," என்பாள் அம்மா.

அவள் வேலை செய்த இடத்தில் இரண்டு கொட்டகைகள். ஒன்றில் ரெசினைக் கலந்து குருணையாக்குவார்கள். பக்கத்தில் உள்ளதில் அதை ஊதிப் பொருளாக்குவார்கள். ஊதுவது என்றால் உண்மையாகவே ஊதுவதுதான். உருகிய பிளாஸ்டிக் மேலேயிருந்து தடித்த குழலாகக் கீழே இறங்கும். இரண்டு பக்கமும் அச்சு வந்து குழலைக் கவ்வும். உள்ளே காற்றை விட்டால் குழல் பலூன் மாதிரி விரிந்து அச்சின் சுவரில் போய் ஒட்டும். ஆறியதும் எடுத்துவிடலாம். தண்ணீர்ப் புட்டிக்கு இது கண் இமைக்கும் நேர வேலை. டிக்கிப் பலகைக்கு என்றால், ஆள் உயரக் குழல் கொதிக்கக் கொதிக்க அந்தரத்தில் தொங்க வேண்டும். தன் பாரமே தன்னைக் கீழே இழுக்கும். மேலே மெலிந்து கீழே பருத்துவிடும்.

ஆக அம்மாவுக்கு மூன்று குணங்கள் ஒரே ரெசினில் வேண்டும். உருகித் தொங்கும்போது இழுபடக் கூடாது. ஆறிய பிறகு விறைப்பாக நிற்க வேண்டும். கடுங்குளிரில் அடிபட்டாலும் உடையக் கூடாது. விறைப்பைக் கூட்டினால் உடைகிறது. உடையாமல் பார்த்தால் தொய்கிறது.

"மூணு ஓரகத்திங்களை ஒரே அடுக்களையில விட்ட மாதிரி. ரெண்டு பேரைச் சமாதானம் பண்ணா மூணாவது ஆள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறா," என்று அலுத்துக்கொள்வாள்.

ஊதுகிற கொட்டகையில் அவளுக்குக் கெட்டியம்மா என்று பெயர். எந்தப் பொருள் அச்சிலிருந்து வந்தாலும் கட்டை விரலால் நடுவில் அழுத்தி, "கெட்டியா இல்லையே" என்பாள். வீட்டில் புது வாளி வாங்கினாலும் அதே அழுத்தல்தான். அங்கே பெரிய இயந்திரத்தை ஓட்டுபவரைத் தாடி என்று கூப்பிடுவார்கள். தாடியை எடுத்துப் பல வருடமாகியும் பெயரை எடுக்க முடியவில்லை. அவருக்கு அம்மா அக்கா. அதனால் எனக்கு அவர் மாமா.

முதல் முயற்சியில் அம்மா கல்மாவு கலந்தாள். விறைப்பு வந்தது. குளிர்பெட்டியில் வைத்து எடுத்து மேலே இரும்புக் குண்டைப் போட்டபோது பலகை ஓடு மாதிரிச் சிதறியது. அடுத்து, உருகினாலும் எளிதில் இளகாத ரெசின் ஒன்றை முயன்றாள். குழல் தொங்காமல் நின்றது. ஆனால் அதைத் தள்ள முடியாமல் இயந்திரம் திணறியது.

"அக்கா, இது பிளாஸ்டிக்கா உங்க மாமியாரா? வெச்ச இடத்தை விட்டு நகரவே மாட்டேங்குது," என்றாராம் தாடி மாமா. அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். மாமியாரின் மகன் சிரிக்கவில்லை.

மூன்றாவதாகத்தான் கண்ணாடி இழை. மயிர் போல மெல்லிய இழையைச் சின்னச் சின்னதாக நறுக்கி ரெசினோடு கலப்பது. இழை முதுகெலும்பு மாதிரி விறைப்பைத் தரும், பிளாஸ்டிக் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். சொல்வது எளிது. இழையை பிளாஸ்டிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள என்ன பூச வேண்டும், எவ்வளவு கலந்தால் குளிரில் உடையாது என்று கண்டுபிடிப்பதற்குள் அம்மாவின் மூக்குக்கண்ணாடியின் தடிமன் இரண்டு முறை கூடியது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அச்சு கவ்வும்போது குழலில் கொஞ்சம் வெளியே பிதுங்கும். அதற்குப் பிசிறு என்று பெயர். அதை வெட்டி, அரைத்து, புதுக் குருணையோடு சேர்த்து மறுபடி இயந்திரத்தில் கொட்டுவார்கள். பலகை மாதிரித் தட்டையான பெரிய பொருளில் பிசிறு மிக அதிகம். போடுவதில் பாதி அப்படியே திரும்பி வரும். உற்பத்தியில் எல்லோரும் செய்வது இது. சோதனை ஓட்டத்தில் மட்டும் அங்கே செய்வதில்லை. புது ரெசினின் குணத்தை அளக்கும்போது அரைத்தது ஒரு பிடி கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும் என்று, சேர்ந்த புதிதில் அம்மாவே கொண்டுவந்த விதி. சோதனைப் பிசிறு எல்லாம் முற்றத்தில் குவியும். பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் அள்ளிக்கொண்டு போவார். அத்தனை வருடம் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. சாதாரண ரெசினை அரைத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது.

பலகை சரியாக வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். அம்மாவுக்குச் சில மாதமாக முதுகுவலி. மூட்டை தூக்கியதால் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். அன்றைக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப் போக வந்தேன். பலகை ஆறாமல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். தாடி மாமா அதை இரண்டு முக்காலிகளுக்குக் குறுக்கே வைத்தார். உள்ளே கம்பி இல்லை.

"அக்கா, ஏறட்டுமா?"

"ஏறு. உடைஞ்சா நீதான் பொறுப்பு."

"உடைஞ்சா எனக்குக் கால் போகும், உங்களுக்குப் பலகை போகும். நீங்க எதுக்கு அழுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

ஏறி நடுவில் நின்றார். பலகை அசையவில்லை. ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். இறங்கிய பிறகு அம்மா குனிந்து கட்டை விரலால் அழுத்தினாள்.  அழுத்திப் பார்த்துவிட்டு "கெட்டியா இல்லையே" என்று அவள் சொல்லாமல் விட்டதை அந்தக் கொட்டகையில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. தாடி மாமா கை தட்டினார்.

முற்றத்தைக் கடக்கும்போது பழைய பிளாஸ்டிக்காரர் வழிமறித்தார்.

"என்னம்மா போட்டிருக்கீங்க இதுல? போன தடவை எடுத்துட்டுப் போனதை அரைச்சேன். பிளேடு மொத்தமும் மழுங்கிப் போச்சு."

"அப்போ கெட்டியா இருக்குன்னு அர்த்தம்," என்றாள் அம்மா. ஸ்கேன் எடுக்கும் இடம் வரை அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கணையத்தில் கட்டி. கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மருத்துவர் சொல்லி முடித்ததும், "வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டாள். முடிகிற வரைக்கும் போகலாம் என்றார். போனாள். கார் நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் பலகையைச் சூட்டறையில் பாரம் ஏற்றி வைத்தார்கள், தொய்யவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அடித்தார்கள், உடையவில்லை. இனி ஒரே ஒரு நிபந்தனை. வழக்கமான உற்பத்தி மாதிரியே சில வாரம் தொடர்ந்து ஓட்ட வேண்டும். கடைசியில் வருகிற பலகைகளை எடுத்து மறுபடி சோதிப்பார்கள். அதிலும் நின்றால் அடுத்து வரும் காரில் கம்பி கிடையாது.

அந்த ஓட்டம் தொடங்கியபோது அம்மா படுக்கையில் இருந்தாள். மருத்துவமனையில் நான்கு படுக்கை கொண்ட அறை. சன்னலோரப் படுக்கை. தினமும் அப்பா தாடி மாமாவுக்குப் போன் செய்ய வேண்டும்.

"இன்னைக்கு ஓடுச்சான்னு கேளுங்க."

"ஓடுச்சாம்."

"குழல் தொங்குதான்னு கேளுங்க."

"தொங்கலையாம். நீ தொங்காம சாப்பிடறியான்னு அவர் கேக்கறார்."

அந்த நாட்களில் நன்றாகவே இருந்தாள். கொஞ்சம் சாப்பிட்டாள். பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு டிக்கிப் பலகையை விளக்கிச் சொன்னாள். அந்தப் பெண் கார் வைத்திருக்கவில்லை. பொறுமையாகக் கேட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம் தாடி மாமா நேரில் வந்தார். உள்ளே வராமல் நடைபாதையில் நின்று என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"அக்கா தூங்கறாங்களா?"

"ஆமா. என்ன மாமா?"

"தொய்யுதும்மா."

"எது?"

"பலகை. ஆரம்பத்துல கல்லு மாதிரி வந்துச்சு. அப்புறம் நாளுக்கு நாள் இளகுது. நேத்து எடுத்தது நான் ஏறாமலே குனியுது."

"சூடு மாத்தினீங்களா?"

"சூடு, காத்து, வேகம் எல்லாத்தையும் பாத்தாச்சு. மூட்டையும் அதே மூட்டைதான்."

"அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம்."

"நான் எங்க சொல்லப் போறேன்? அவங்கதான் என் மூஞ்சியைப் படிச்சிடுவாங்களே."

படித்துவிட்டாள். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த இடத்துல தொய்யுது?" முதலில் வந்த பலகையிலிருந்து ஒரு துண்டும், நேற்று வந்ததிலிருந்து ஒரு துண்டும் வெட்டிக்கொண்டு வரச் சொன்னாள். மறுநாள் அவர் கொண்டுவந்தபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"படுத்திருக்கறவகிட்டப் போய் இதையெல்லாம் காட்டணுமா?"

"படுத்துதான் இருக்கேன். இன்னும் போயிடலை. குடு தாடி."

அழுத்திப் பார்க்க விரலில் பலம் இல்லை. இரண்டையும் வளைத்து உடைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். முதல் துண்டை உடைக்க நான் எழுந்து நின்று பலத்தைப் போட வேண்டியிருந்தது. இரண்டாவது உட்கார்ந்த வாக்கிலேயே வளைந்து வெளுத்து உடைந்தது. உடைந்த ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னாள். கைப்பேசி கேமராவை நெருக்கமாக வைத்துப் பார்த்தேன்.

"என்ன தெரியுது?"

"முதல் துண்டுல இழை நீட்டிக்கிட்டு இருக்கு. மழிக்காத தாடை மாதிரி."

"ரெண்டாவதுல?"

"இழை இருக்கு. ஆனா எல்லாம் கட்டையா, பொடிப்பொடியா."

அம்மா இரண்டு துண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தாடி மாமாவைப் பார்த்தாள்.

"பிசிறை அரைச்சுப் போடறீங்க இல்ல?"

"ஆமாக்கா. உற்பத்தின்னா போடுவோமே. எப்பவும் போடறதுதானே?"

"எப்பவும் போடறதுதான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அரைக்கும் ஒவ்வொரு தடவையும் இழை உடைகிறது. இன்றைய பிசிறில் நேற்றைய பிசிறு இருக்கிறது, நேற்றையதில் அதற்கு முந்தையது. இழை நீளமாக இருந்தால்தான் அது முதுகெலும்பு. பொடியானால் வெறும் மணல். சோதனையில் ஒருநாளும் இது தெரிந்திருக்க வழியில்லை. சோதனையில் பிசிறு முற்றத்துக்குப் போய்விடும்.

"அந்த ஆள் பிளேடு மழுங்குதுன்னு சொன்னான்," என்றாள் அம்மா. "பிளேடை மழுக்கற இழை, தான் மட்டும் உடையாம இருக்குமா? நான் சிரிச்சுட்டு வந்தேன்."

"எல்லாருந்தான் சிரிச்சோம்," என்றார் தாடி மாமா.

"நீங்க சிரிக்கலாம்."

வழி இல்லாமல் இல்லை. பிசிறைத் திருப்பிப் போடாமல் விட்டுவிடலாம். ஆனால் போடுவதில் பாதியைக் குப்பையில் கொட்டுகிற பொருளை யாரும் வாங்க மாட்டார்கள். அதற்குக் கம்பியே மேல். இன்னொரு வழி, குழலை மூன்று அடுக்காக இறக்கி, அரைத்ததை நடு அடுக்கில் மட்டும் வைப்பது. விறைப்பு வெளி அடுக்குகளில்தான் முக்கியம். உத்தரம் கணக்கிடுகிற எனக்கு அது நன்றாகத் தெரியும். அம்மா சொல்லச் சொல்ல நான் கணக்குப் போட்டேன். தாங்கியது. ஆனால் அதற்கு இயந்திரத்தில் குழலை இறக்குகிற தலைப்பகுதியையே மாற்ற வேண்டும்.

மேலாளர் பழங்களோடு பார்க்க வந்தார். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து மூன்று அடுக்கைப் பற்றிச் சொன்னாள். மூச்சு வாங்கியது. இடையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார்.

"மேடம், உங்க ரெசின்ல ஒரு தப்பும் இல்லை."

"ரெசின்லதான் தப்பு. அரைச்சா தாங்காததைக் கொண்டுபோய்க் கார்ல போடலாம்னு நினைச்சேன்."

"கார்க்காரங்க தேதி நெருங்கிடுச்சு. இந்தத் தடவைக்குக் கம்பியோடவே போறோம்னு சொல்லிட்டோம். நீங்க முதல்ல உடம்பைப் பாருங்க. திரும்பி வந்ததும் மத்ததைப் பேசிக்கலாம்."

அவர் போனதும் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, "திரும்பி வந்ததுமாம்," என்றாள். "எங்கேருந்து வருவேன்னு நினைக்கிறார்?"

"அப்படிச் சொல்லாதே," என்றார் அப்பா. "அடுத்த தடவை எல்லாம் சரியா வந்துடும்."

"யாரோட அடுத்த தடவைங்க?"

அப்பா தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அது ஏற்கனவே நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு இன்றைக்கு ஓடியதா என்று அவள் கேட்கவில்லை. அப்பா தானாகவே ஒருநாள் போன் செய்து, "தாடி உன்னை விசாரிச்சார்," என்றார். தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்துப் படுக்கைப் பெண் வீட்டுக்குப் போனாள். அந்த இடத்துக்கு வந்தவரிடம் அம்மா எதையும் விளக்கவில்லை. அவளைப் புரட்டிப் படுக்க வைக்க முதலில் இரண்டு பேர் வேண்டியிருந்தது, பிறகு நான் ஒருத்தியே போதும் என்றானது. ஏதாவது சொல்வாளா என்று பக்கத்திலேயே இருந்தேன். போர்வை கனமாக இருக்கிறது என்றாள். மெல்லியதாக மாற்றினேன். அதுவும் கனமாக இருக்கிறது என்றாள்.

ஒரு காலையில், தாதி ஊசி மருந்தை மாற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்துத் தாடி மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். மூவரும் உட்கார்ந்திருந்தோம். டீ ஆறியது.

"பலகை ஓடுதா?" என்று அப்பாதான் கேட்டார்.

"ஓடுது. பழைய ரெசின், பழைய கம்பி."

"நல்லா வருதா?"

மாமா தரையைப் பார்த்தார். "நல்லாத்தான் வருது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மேலாளர் உன்னை ஒண்ணு கேக்கச் சொன்னார்மா. அக்காவோட ரெசின் மூட்டை நிறைய மிச்சம் இருக்கு. டிரம் ஊதப் போடலாம்னா இழை, மெஷினுக்குள்ள ரெசினைத் தள்ளற ஸ்க்ரூவைத் தேச்சிடும். பழைய சாமான்காரர் தொடவே மாட்டேங்கறார். கிடங்குல இடம் வேணுமாம். நீ ஏதாவது சோதனைக்கு எடுத்துக்கறியா?"

"நான் இரும்புல வேலை செய்யறவ மாமா. எனக்கு எதுக்கு?"

"அப்போ என்ன பண்றது?"

"கொட்டிடச் சொல்லுங்க."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 

"எங்கம்மா கொட்டறது?" என்று கேட்டார் மாமா.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குப் போன் செய்தேன். எரிக்க முடியுமா என்று கேட்டார்கள். கண்ணாடி கலந்தது, சரியாக எரியாது என்றேன். மக்குமா என்றார்கள். மக்காது என்றேன். அப்படியானால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள்.